பீக்கரில் மறையும் சிப்ரோ

சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாகச் சிப்ரோ) என்ற ஆன்டிபயாடிக்கின் 500 மி.கி. மாத்திரை ஒன்றை விழுங்கினால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் நம் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மி.கி. வரை அந்த மருந்து இருக்கும். பல கிருமிகளை அடக்க அதுவே போதும். 2007-இல் ஸ்வீடன் நாட்டு யோவாகிம் லார்சனும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஐதராபாத்தை ஒட்டிய பட்டன்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை எடுத்துப் பரிசோதித்திருந்தார்கள். அதில் லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோ இருந்தது. கவனியுங்கள், சுத்திகரித்து முடித்த நீர் அது. நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல் மருந்து ஓடையில் ஓடியது. நாளொன்றுக்கு 45 கிலோ என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மாத்திரையாகச் சொன்னால் 90 ஆயிரம். ஸ்வீடன் முழுவதும் ஐந்து நாளில் உட்கொள்ளும் சிப்ரோ அவ்வளவுதான்.

2009-இல் அதே வட்டாரத்தைப் பற்றி இன்னொரு கட்டுரை வந்தது. அந்தப் பகுதி ஏரி ஒன்றில் லிட்டருக்கு 6.5 மி.கி. வரை சிப்ரோ. கிராமத்துக் கிணறுகளிலும் மருந்துத் தடயங்கள். 2011-இல் வந்த கட்டுரைக்காக ஓடையின் அடிமண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, மருந்துக்கு அடங்காத தன்மையைத் தரும் மரபணுக்கள் அங்கே குவிந்திருந்தன. கிருமிகளுக்கு நாமே காசு செலவழித்து நடத்திய பயிற்சிப் பள்ளி என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த வட்டாரத்தில்தான் இப்போது எனக்கு வேலை. ஒரு பல்க் டிரக் ஆலையின், அதாவது மாத்திரைக்குள் போகும் மருந்துப் பொருளையே தயாரிக்கும் ஆலையின், கழிவுநீர்ப் பிரிவு. அதற்கு முன் தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஒளிவினையூக்கிகள் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதாவது, வெளிச்சம் பட்டால் நீரில் இருக்கும் மருந்தைச் சிதைக்கும் தூள்கள். "சூரிய ஒளியால் ஆன்டிபயாடிக்கை அழிக்கும் புதிய நானோ பொருள்" என்று செய்தி வரும்போதெல்லாம் நண்பர்கள் எனக்கு அனுப்பி, "இது நிஜமாடா?" என்று கேட்கிறார்கள். நிஜம்தான். ஆனால் எங்கே நிஜம், எதுவரை நிஜம் என்று வாட்சப்பில் பதில் எழுத முடியவில்லை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் தூள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் டைட்டானியம் டை ஆக்சைடு (சுருக்கமாக டைட்டானியா), நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருப்பதுதான். அதன் மேல் போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால் உள்ளே ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அது விட்டுப்போன இடத்தில் ஒரு காலி உருவாகும். அதைத் துளை என்பார்கள். இரண்டும் தூளின் மேற்பரப்புக்கு வந்துசேர்ந்தால் காரியம் ஆகும். துளை நீரிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை (ஜோடியில்லாத ஓர் எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுத் துண்டு) உண்டாக்கும். எலெக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடாகும். ஹைட்ராக்சில் ரேடிக்கலின் வெறி சொல்லி மாளாது. எதிர்ப்படும் எந்தக் கரிமப் பொருளையும் கடித்துக் குதறும். அதன் ஆயுளோ மைக்ரோ விநாடிக் கணக்குதான். ஆகவே மருந்து மூலக்கூறு தூளின் மேலேயே ஒட்டியிருக்க வேண்டும், அல்லது மிக அருகில் இருக்க வேண்டும். பெரும்பாலான எலெக்ட்ரானும் துளையும் மேற்பரப்பை எட்டும் முன்பே ஒன்றோடொன்று சேர்ந்து வெறும் வெப்பமாகிவிடுகின்றன. இத்துறையில் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி இந்த இரண்டையும் பிரித்து வைக்கும் பாடுதான்.

டைட்டானியாவின் கதை 1967-இல் தோக்கியோவில் தொடங்குகிறது. ஆராய்ச்சி மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, தன் பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் கீழ் வேலை செய்தபோது, ஒளி பட்ட டைட்டானியா மின்முனை நீரைப் பிளப்பதைக் கண்டார். 1972-இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. 1977-இல் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர் நீரில் இருக்கும் சயனைடை அதே தூளால் சிதைத்துக் காட்டினார்கள். நீர்ச் சுத்திகரிப்புக்கு இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது.

நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது. டைட்டானியத்தின் தாதுக்களில் ஒன்று அது. அதைச் சல்ஃபேட் முறையில் வெள்ளைத் தூளாக்கக் கந்தக அமிலத்தைக் குடம் குடமாகச் செலவழிக்க வேண்டும். மிஞ்சுவது நீர்த்த அமிலமும் இரும்பு சல்ஃபேட்டும். நீரைச் சுத்தம் செய்யும் தூளைத் தயாரிக்கும் ஆலைக்கே ஒரு கழிவுநீர்ப் பிரச்சினை இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரையில் "பசுமையான, மலிவான" என்ற அடைமொழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணல்தான் நினைவுக்கு வரும்.

டைட்டானியாவின் குறை, அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரான் மேலே தாவத் தேவைப்படும் ஆற்றல், 3.2 எலெக்ட்ரான் வோல்ட் என்பது. 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி மட்டுமே அதை எழுப்பும். அது புற ஊதா. சூரிய ஒளியின் ஆற்றலில் அதன் பங்கு 4, 5 சதவீதம்தான். பட்டன்செருவின் மே மாத வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி இந்தத் தூளுக்கு இருட்டு மாதிரி. அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் பொருளைத் தேடி உலகமே அலைகிறது. பிஸ்மத் வனடேட், பிஸ்மத் ஆக்சிபுரோமைடு, சில்வர் பாஸ்பேட், காட்மியம் சல்ஃபைடு என்று பட்டியல் நீளும். (கடைசியில் உள்ளது ஒளி பட்டால் தானே அரித்துக் காட்மியத்தை நீரில் கக்கும். மருந்தை எடுக்கப் போய் நஞ்சைச் சேர்ப்பதைப் பரிந்துரைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.)

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கிராஃபிட்டிக் கார்பன் நைட்ரைடு. பெயர்தான் பெரிது, செய்முறை எளிது. உரக்கடை யூரியாவின் ஆய்வக வடிவத்தை அல்லது மெலமினை மூடிய க்ரூசிபிளில் (பீங்கான் கிண்ணம்) போட்டு மஃபிள் உலையில் 550 டிகிரிக்குச் சூடேற்றினால் போதும். அறை முழுக்க அம்மோனியா நெடி அடிக்கும். ஆறிய பின் திறந்தால் வெளிர் மஞ்சள் தூள். யூரியா என்றால் ஏமாற்றம்தான்: க்ரூசிபிள் நிறையப் போட்டாலும் அடியில் சிட்டிகை அளவுதான் கிடைக்கும். ஆனால் பஞ்சு போல விரிந்த மேற்பரப்பு உள்ள தூள் அது. 1834-லேயே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் இந்தக் குடும்பத்துச் சேர்மம் ஒன்றுக்கு மெலோன் என்று பெயர் வைத்துவிட்டார். ஒளியில் அது நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் என்று தெரிய 2009 வரை ஆனது. இதன் ஆற்றல் இடைவெளி 2.7 எலெக்ட்ரான் வோல்ட். நீல ஒளி வரை உறிஞ்சும். உலோகமே இல்லை, அதனால் உலோகக் கசிவும் இல்லை. குறை என்னவென்றால், அதன் துளைக்கு ஹைட்ராக்சில் ரேடிக்கலை நேரடியாக உண்டாக்கும் வலு போதாது. அதனால் வலுவான துளை உள்ள இன்னொரு பொருளோடு ஒட்டுப்போட வேண்டும். ஒன்றின் வலுவான எலெக்ட்ரானும் மற்றொன்றின் வலுவான துளையும் மிஞ்சும்படி அமைந்தால் அதற்கு இசட்-அமைப்பு என்று பெயர். பச்சை இலைக்குள் நடப்பதும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான்.

சரி, இவ்வளவு நல்ல பொருள்கள் இருந்தும் ஆலைகளில் ஏன் இல்லை?

ஆய்வகத்தில் சோதனை நடக்கும் விதத்தைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு பீக்கரில் 100 மி.லி. வாலை வடிநீர். அதில் லிட்டருக்கு 10 அல்லது 20 மி.கி. கணக்கில் சுத்தமான சிப்ரோ. 50 மி.கி. தூள். இருட்டில் அரை மணி நேரம் கலக்கிவிட்டு, 300 வாட் செனான் விளக்கைப் போடுவோம். குறித்த இடைவெளியில் ஊசியால் உறிஞ்சி, வடிகட்டி, அளப்போம். ஒரு மணி நேரத்தில் 98 சதவீதம் மறைந்தது என்று வரைபடம் வரும். அந்த வளைவைப் பார்க்கும் சந்தோஷம் உண்மையானது, மறுக்க மாட்டேன்.

இப்போது கழிவுநீர்ப் பிரிவின் நாற்காலியில் உட்கார்ந்து அதே வரைபடத்தைப் பார்க்கிறேன். 300 வாட் விளக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். அது 100 மி.லி.க்கு. ஆயிரம் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 3,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 24 ஆயிரம் ரூபாய். நகரக் கழிவுநீரை ஓசோனால் சுத்திகரிக்க ஆயிரம் லிட்டருக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. பீக்கரைச் சுற்றிச் சிதறும் ஒளியை எல்லாம் சேர்த்துப் பிடித்து, நல்ல எல்.இ.டி. போட்டு, எத்தனை மடங்கு குறைத்தாலும் இடைவெளி பெரிது. மின்செலவை ஒப்பிட 2001-இல் பன்னாட்டு வேதியியல் ஒன்றியமே ஓர் அளவுகோல் கொடுத்துவிட்டது: ஒரு கன மீட்டர் நீரில் மாசைப் பத்தில் ஒரு பங்காக்க எத்தனை யூனிட்? இந்த எண்ணைக் கொடுக்காத கட்டுரைகளை நான் இப்போது மேலோட்டமாகத்தான் படிக்கிறேன்.

அடுத்தது அந்த 98 சதவீதம். சிப்ரோவால் கிருமிகளிடம் மருந்து எதிர்ப்பு உருவாகாமல் இருக்க வேண்டுமானால் நீரில் அது லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் லார்சனும் பெங்ட்சன்-பால்மேயும் மதிப்பிட்டார்கள். 31 மி.கி. இருக்கும் நீரில் 98 சதவீதத்தை நீக்கினால் மிஞ்சுவது 620 மைக்ரோகிராம். அது வரம்பைப் போலப் பத்தாயிரம் மடங்கு! அந்த வரம்பு ஆற்று நீருக்கானது, கலந்து நீர்க்க ஆற்றில் தண்ணீர் இருந்தால் கணக்கு கொஞ்சம் இளகும். ஆனால் தெலங்கானாவின் சிற்றோடைகளில் கோடையில் அதை நம்ப முடியாது. சதவீதம் என்பது இந்த விஷயத்தில் ஏமாற்றும் மொழி.

அதைவிடப் பெரிய சிக்கல் நீரில் வேறு என்ன இருக்கிறது என்பது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராணிப்பேட்டைத் தோல் ஆலைப் பக்கம் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்த மூத்த ஆபரேட்டர் ஒருவரிடம் என் பழைய ஆராய்ச்சியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க பீக்கர்ல இருந்தது தண்ணி. இங்க வர்றது சாம்பார்."

"அப்படின்னா வெளிச்சமே உள்ள போகாதாண்ணே?"

"வெளிச்சத்த விடுங்க. போனாலும் அது எதத் தின்னும்? பருப்பயா, புளியயா?"

அவர் சொன்னதை வேதியியலில் சொல்லப்போனால் இப்படி: ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. மருந்து லிட்டருக்கு 10 மி.கி. இருக்கும் நீரில் சி.ஓ.டி. (நீரில் உள்ள கரிமக் குப்பையை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 10 ஆயிரம் மி.கி. இருந்தால், உண்டாகும் ரேடிக்கலில் பெரும்பகுதி கரைப்பான் மிச்சங்களையும் இதர கரிமங்களையும் தின்றுவிட்டுச் செத்துப்போகும். பைகார்பனேட்டும் குளோரைடும் ரேடிக்கலை விழுங்கும். பாஸ்பேட் தூளின் மேல் ஒட்டிக்கொண்டு மருந்துக்கு இடம் தராது. நீரின் கார அமிலத் தன்மையும் குறுக்கே வரும். நடுநிலை அளவில் சிப்ரோ ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் கொண்டு தூளில் ஓரளவு ஒட்டும். காரம் ஏறினால் இரண்டும் எதிர்மின்னாகி ஒன்றையொன்று தள்ளும். ஆலையில் காஸ்டிக் சோடா (கடுங்காரம்) வாளியைக் கவிழ்க்காத நாள் குறைவு.

தூளைத் திரும்ப எடுப்பதும் ஒரு வேலை. லிட்டருக்கு 1 கிராம் என்றால் நாளுக்கு 100 கன மீட்டர் நீருக்கு 100 கிலோ நானோ தூள். எளிதில் படியாது, வடிகட்டியை அடைக்கும். கண்ணாடி மணியில் ஒட்டலாம், பீங்கான் நுரையில் பூசலாம், காந்த இரும்பைக் கருவாக வைக்கலாம். ஒட்டினால் மேற்பரப்பு குறையும், வேகம் குறையும். ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும்.

மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்தை அளக்க எச்.பி.எல்.சி. (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) வேண்டும், சாயத்தை அளக்கக் கண்ணே போதும். அதனால் பல ஆய்வகங்களில் முதல் சோதனை சாயத்தில்தான். ஆனால் சாயம் தானே ஒளியை உறிஞ்சித் தூளுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு நிறமிழக்கும். தூள் எதுவுமே செய்யாமல் நற்பெயர் வாங்கிவிடும். சிப்ரோவிலும் இதன் தம்பி ஒருவன் உண்டு. அந்த மருந்து வெயிலில் தானாகவே சிதையும் இனம். தூள் போடாத பீக்கர் ஒன்றைப் பக்கத்தில் வைக்காவிட்டால் சூரியனின் உழைப்பைத் தூளின் கணக்கில் எழுதிவிடுவோம். வெயிலிலேயே சிதையும் மருந்து ஏன் ஏரியில் தங்குகிறது என்று கேட்பீர்கள். அது மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும். சேற்றுக்குள் வெயில் போகாது.

மறைந்தது என்றால் அழிந்தது என்றும் ஆகாது. எச்.பி.எல்.சி. வரைபடத்தில் சிப்ரோவைக் காட்டும் உச்சி காணாமல் போவது, மூலக்கூறு மாறிவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. பெரும்பாலும் முதலில் அடிபடுவது மூலக்கூறின் ஓரத்தில் உள்ள பிப்பரசின் வளையம். கிருமியைத் தாக்கும் குவினோலோன் நடுப்பகுதி சில துண்டுகளில் அப்படியே நிற்கும். அந்தத் துண்டுகளுக்கு வீரியம் உண்டா இல்லையா என்று வரைபடம் சொல்லாது, கிருமிதான் சொல்ல வேண்டும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவை வளர்த்த தட்டில் சிகிச்சை முடிந்த நீரை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். 2010-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சிப்ரோவை டைட்டானியாவால் சிதைத்து, துண்டுகளின் வீரியத்தை ஈ.கோலையில் சோதித்தது. மருந்து குறைந்த அளவுக்கு வீரியமும் குறைந்தது, துண்டுகள் பொருட்படுத்தத் தக்கவை அல்ல என்று தெரிந்தது. நல்ல செய்தி. நுண்ணுயிரியல் துறையில் ஒரு நண்பர் இருந்தால் போதும், செலவு கம்மியான சோதனை இது. ஆனாலும் கட்டுரைகளில் மின்னணு நுண்ணோக்கிப் படங்கள்தான் அதிகம் இருக்கின்றன.

ஒளியால் நீரைச் சுத்தம் செய்வதை வெளியில், வெயிலில், பெரிய அளவில் செய்து பார்த்த இடம் ஸ்பெயினின் அல்மேரியா. தபெர்னாஸ் பாலை நிலத்தில் அந்நாட்டின் சூரிய ஆய்வு மையம் இருக்கிறது. வளைந்த கண்ணாடித் தொட்டிலின் நடுவே குழாயில் நீர் ஓடும் அமைப்பை அங்கே பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். அங்கே முன்னுக்கு வந்தது டைட்டானியா அல்ல, ஃபென்டன். 1894-இல் ஹென்றி ஃபென்டன் கண்டது: இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் கரிமப் பொருளை வேகமாகத் தாக்கும். அதைச் செய்வது அதே வெறிபிடித்த ரேடிக்கல் என்று பின்னாளில்தான் சொன்னார்கள். வெயில் பட்டால் செலவான இரும்பு மறுபடி உயிர்பெறும். புற ஊதாவோடு நீல, பச்சை ஒளியையும் இது பயன்படுத்தும். பிறகு விலை உயர்ந்த கண்ணாடிக் குழாய்களையும் விட்டுவிட்டு, பாசி வளர்க்கும் ஆழமற்ற ஓடைக் குளங்களுக்கு மாறினார்கள். சாண் அளவுக்கும் குறைவான ஆழம், துடுப்புச் சக்கரம், மேலே வானம். இந்த எளிமை எனக்குப் பிடித்திருக்கிறது. நானோ பொருளில் ஒரு சதவீதம் கூட்டுவதைவிட, நீரைப் பரப்பி வைத்தது பெரிய முன்னேற்றம்.

நகரக் கழிவுநீரில் இருக்கும் மருந்தை எடுக்க சுவிட்சர்லாந்து 2016 முதல் சட்டம் வைத்திருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்தது ஓசோனும், மருந்தைத் தன் மேல் ஒட்டவைத்துப் பிடிக்கும் செயலூட்டிய கரியும். ஒளிவினையூக்கி அந்தப் போட்டியில் இன்னும் தோற்கிறது என்பதை ஒளிவினையூக்கிக்காரனான நான்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லா நீரும் நகரக் கழிவுநீர் அல்லவே. எங்கள் ஆலை போன்ற இடங்களில் கழிவு ஒன்றாக வருவதில்லை. உப்பு அதிகமுள்ளது ஒரு தொட்டிக்கு, அங்கிருந்து ஆவியாக்கிக்கு. உப்பு குறைந்தது இன்னொரு தொட்டிக்கு, அங்கிருந்து நுண்ணுயிர்த் தொட்டி, ஆர்.ஓ. என்று போகும். இவற்றுக்கு முன்னால், மருந்து உருவாகும் ரியாக்டரையும் அதைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜையும் கழுவும் நீர் இருக்கிறது. அளவு கொஞ்சம், மருந்து அதிகம், மற்ற குப்பை ஒப்பீட்டளவில் குறைவு. சாம்பாரில் கலக்கும் முன் அதைத் தனியாகப் பிடித்தால், ரேடிக்கலுக்குத் தின்ன மருந்து மட்டுமே கிடைக்கும். ஒளிவினையூக்கிக்கு இடம் இருந்தால் அது இங்கேதான். ஏரிக்கரையில் தூளைத் தூவுவதாக வரும் படங்களை நம்பாதீர்கள்.

பெனிசிலின் வகையாக இருந்தால் ஒளியே வேண்டாம். அமாக்ஸிசிலின் போன்றவற்றின் பீட்டா லாக்டம் வளையம் காரத்தில் தானே உடையும். காஸ்டிக் சோடா போதும், வீரியம் போய்விடும். சிப்ரோ குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. ஆய்வுக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே எளிய வழியில் போகாதது எது என்று பார்ப்பது நல்லது.

இவ்வளவும் ஒரு ஆலை ஏன் செய்ய வேண்டும்? 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. பல்க் டிரக் ஆலைக் கழிவுநீரில் 121 ஆன்டிபயாடிக்குகளுக்குத் தனித்தனி வரம்பு. உலகத்திலேயே அப்படி ஒரு பட்டியல் சட்டமாகப் போகிறது என்று பேச்சு. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்தப் பட்டியல் இல்லை. சி.ஓ.டி.க்கு வரம்பு உண்டு, மருந்துக்கு இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் தயாரிப்பின் கழிவுகள் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை.

எங்களிடம் மாற்றத்தைக் கொண்டுவந்தது வெளிநாட்டு வாங்குநர் ஒருவரின் ஆடிட்டர். வந்து உட்கார்ந்ததும், வெளியேற்றும் நீரில் உங்கள் மருந்து எத்தனை மைக்ரோகிராம் என்று கேட்டார். யாரிடமும் எண் இல்லை, ஏனென்றால் யாரும் அதுவரை கேட்டதில்லை. அதற்கு அடுத்த மாதம் கழுவுநீருக்குத் தனிக் குழாய் போட அனுமதி வந்தது. அந்தத் தொட்டிக்கு அடுத்து ஓசோனா, கரியா, வெயிலா என்று இப்போது வாதம் நடக்கிறது. மருந்தைப் பிடித்த கரியை எரித்துவிடலாம் என்பதால் ஆபரேட்டர் அண்ணன் கரியின் பக்கம்: "எரிச்சு முடிச்சிட்டா தொல்லை விட்டுது தம்பி." நான் கேன்டீன் கூரையில் கொஞ்சம் இடமும், ஆழமற்ற தொட்டி ஒன்றும், பெராக்சைடு பீப்பாயும், இரும்பு உப்பும், பக்கத்திலேயே இவை எதுவும் போடாமல் வெயிலில் மட்டும் வைக்கும் ஒப்பீட்டுத் தொட்டி ஒன்றும், நுண்ணுயிரியல் பிரிவில் ஈ.கோலைத் தட்டு வைக்க ஒரு மூலையும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பர்ச்சேஸ் பிரிவு மூன்று விலைப்புள்ளி கேட்டிருக்கிறது.